எட்டுக் கோப்பைத் தேநீர்



"இது நிஜமா? எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்கள் சொன்னாலும் சரி, புத்தகத்தில் அச்சாகியிருந்தாலும் சரி, ஒரு நிமிடம் நின்று யோசிக்கிற பிள்ளைகள் அவர்கள். நீங்களும் அந்தக் கூட்டம்தான். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்களா?

கேள்வி கேட்டாயிற்று. அடுத்து என்ன? சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் சோதனையிலும் நல்ல சோதனை, ஏமாற்றும் சோதனை என்று இரண்டு உண்டு. நல்ல சோதனையை எப்படித் திட்டமிடுவது, அதில் வந்த முடிவை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று இன்றைக்குப் பேசலாம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

ஒரு கோப்பைத் தேநீரில் வந்த வாக்குவாதம்

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ராத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1843 முதல் இயங்கி வருகிறது. எந்த உரம் போட்டால் கோதுமை நன்றாக விளையும் என்று வயலிலேயே பயிரிட்டுப் பார்க்கிற இடம் அது.

1919-ல் ரொனால்ட் ஃபிஷர் என்பவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 29 வயது. கணக்கில் புலி. பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளை ஆராய்ந்து, அவற்றிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்வதுதான் அவருடைய வேலை.

1920-களில் ஒரு நாள். தேநீர் இடைவேளை. ஃபிஷர் ஒரு கோப்பையில் தேநீர் பிடித்து, பக்கத்தில் இருந்த மியூரியல் பிரிஸ்டல் அம்மையாரிடம் நீட்டினார். அவர் பாசிகளை ஆராய்கிற விஞ்ஞானி. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றி, அதன் மேல் தேநீரை ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும் என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊர் டீக்கடையில் செய்வது போல அவர்கள் செய்வதில்லை. வெந்நீரில் தேயிலையை ஊறவைத்து வடிகட்டிக் கோப்பையில் ஊற்றுவார்கள். பாலைத் தனியாகச் சேர்ப்பார்கள். அதனால் பால் முதலிலா, தேநீர் முதலிலா என்ற கேள்வி அங்கே எழும்.

எதை முதலில் ஊற்றினால் என்ன, ருசி ஒன்றாகத்தானே இருக்கும் என்பது ஃபிஷரின் எண்ணம். இல்லை, குடித்துப் பார்த்தே என்னால் சொல்ல முடியும் என்பது அம்மையாரின் பேச்சு. பக்கத்தில் இருந்த வில்லியம் ரோச் என்பவர், அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார்.

இப்போது படிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நீங்கள் அங்கே இருந்தால் எப்படிச் சோதிப்பீர்கள்?

"ஒரு கோப்பையைக் கொடுத்துக் கேட்பேன்" என்று சொல்கிறீர்களா? நல்ல தொடக்கம். ஆனால் யோசித்துப் பாருங்கள். விடைகள் மொத்தமே இரண்டு. ஒன்றும் தெரியாதவர்கூட வாய்க்கு வந்ததைச் சொன்னால், பாதி நேரம் சரியாகிவிடும். ஒரு கோப்பையைச் சரியாகச் சொன்னால், அவருக்குத் தெரிந்து சொன்னாரா, குருட்டாம்போக்கில் சொன்னாரா என்று நம்மால் பிரிக்க முடியாது.

ஆக, கோப்பைகள் அதிகம் வேண்டும். எத்தனை?

ஃபிஷர் இந்தக் கேள்வியை விடவே இல்லை. 1935-ல் அவர் எழுதிய 'சோதனைகளைத் திட்டமிடல்' என்ற புத்தகத்தில் இந்தத் தேநீரையே உதாரணமாக வைத்து விளக்கினார். அவர் சொன்ன திட்டம் இதுதான்.

எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில். நான்கில் தேநீர் முதலில். எட்டையும் குலுக்கல் முறையில் கலந்து, ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். நான்கு நான்கு என்ற விவரத்தை அம்மையாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டையும் ருசித்துப் பார்த்து, பால் முதலில் ஊற்றிய நான்கை அவர் பிரித்து வைக்க வேண்டும்.

அவ்வளவுதான். ஆனால் இந்த எளிய திட்டத்துக்குள் நான்கு புத்திசாலித்தனமான யோசனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் யோசனை: அதிர்ஷ்டத்தை எண்ணிப் பார்

முதலில் சின்னக் கணக்கு. எட்டுக்குப் பதில் நான்கு கோப்பைகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் இரண்டைப் பிரித்து வைக்க வேண்டும். எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

நோட்டில் எழுதுங்கள். 1-ம் 2-ம். 1-ம் 3-ம். 1-ம் 4-ம். 2-ம் 3-ம். 2-ம் 4-ம். 3-ம் 4-ம். மொத்தம் ஆறு விதம். ஆறில் ஒன்றுதான் சரியான விடை. ஒன்றும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், ஆறு தடவைக்கு ஒரு தடவை சரியாக வந்துவிடும்.

எழுதாமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. முதல் கோப்பையை எடுக்க 4 வழி. அடுத்ததற்கு 3 வழி. 4 × 3 = 12. ஆனால் 1, 2 என்று எடுத்தாலும் 2, 1 என்று எடுத்தாலும் கையில் இருப்பது அதே இரண்டு கோப்பைகள். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு முறை எண்ணிவிட்டோம். அதனால் 2-ஆல் வகுக்கிறோம். 12 ÷ 2 = 6. புரிந்ததா?

இப்போது எட்டுக் கோப்பைக்கு வருவோம். முதல் கோப்பைக்கு 8 வழி, அடுத்தடுத்து 7, 6, 5. பெருக்கினால் 1680. நான்கு கோப்பைகளை முன்பின்னாக மாற்றி எடுக்க 4 × 3 × 2 × 1 = 24 விதம் உண்டு. 1680 ÷ 24 = 70.

எழுபது விதம்! அதில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. தெரியாதவர் ஒருவர் எட்டையும் சரியாகப் பிரிப்பதற்கு 70-ல் 1 வாய்ப்புதான். அப்படி ஒருவர் பிரித்துவிட்டால், "இது வெறும் அதிர்ஷ்டம்" என்று சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும், இல்லையா?

சரி, முழுக்கச் சரியாக வராமல், நான்கில் மூன்று மட்டும் சரியாக வந்தால்? 'பரவாயில்லையே, முக்கால் பங்கு சரியாச்சே' என்று தோன்றும். அவசரப்படாமல் எண்ணிப் பாருங்கள். சரியான நான்கிலிருந்து மூன்றை எடுக்க 4 வழி. தவறான நான்கிலிருந்து ஒன்றை எடுக்க 4 வழி. 4 × 4 = 16. ஆக, 70-ல் 16 விதங்களில் மூன்று சரியாக வரும். நான்கும் சரியாக வருகிற ஒன்றையும் சேர்த்தால் 17. அதாவது ஒன்றும் தெரியாத நான்கு பேரை உட்காரவைத்தால், கிட்டத்தட்ட ஒருவர் மூன்றோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லிவிடுவார்!

பார்க்கப் பெரிதாகத் தெரிகிற ஒரு வெற்றி, எண்ணிப் பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது. இப்படி எண்ணிப் பார்க்கும் கலைக்குத்தான் புள்ளியியல் என்று பெயர்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். எட்டுத் துண்டுச் சீட்டு எடுங்கள். நான்கில் 'பா', நான்கில் 'தே' என்று எழுதி மடித்துப் போடுங்கள். பார்க்காமல் நான்கை எடுத்து, எத்தனை 'பா' வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சீட்டுகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடி எடுங்கள். பல தடவை செய்தால், இரண்டு 'பா' வருவதுதான் மிக அதிகமாக இருக்கும். ஏனென்றால் 70-ல் 36 விதங்கள் அப்படி.

ஒரு குட்டிப் புதிர். அம்மையார் பிரித்து வைத்த நான்கும் தவறாக இருந்தால், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லலாமா? யோசியுங்கள். நான்கும் தவறாக வருவதற்கும் 70-ல் 1 வாய்ப்புதான். அவர் நாக்கு வித்தியாசத்தைப் பிடித்திருக்கலாம், பெயரை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்தீர்களா? சபாஷ்!

இரண்டாம் யோசனை: சீட்டுக் குலுக்கு

கோப்பைகளை ஏன் குலுக்கல் முறையில் கலக்க வேண்டும்? பால் முதலில் ஊற்றிய நான்கையும் வரிசையாகக் கொடுத்துவிட்டு, அடுத்த நான்கைக் கொடுத்தால் என்ன?

கடைசிக் கோப்பைகள் ஆறிப்போயிருக்கும். அம்மையார் சூட்டை வைத்தே பிரித்துவிடலாம். சரி, எல்லாவற்றையும் ஒரே சூட்டில் வைத்தால்? ஒரு கோப்பையில் பால் சொட்டுக் கூடியிருக்கும். இன்னொரு கோப்பை கொஞ்சம் தடிமனாக இருக்கும். தேயிலை கொஞ்சம் அதிக நேரம் ஊறியிருக்கும். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போனால் முடிவே இருக்காது.

ஃபிஷர் சொன்ன வழி இது. முடிந்தவரை எல்லாவற்றையும் சமமாக வை. முடியாததைக் குலுக்கலிடம் விட்டுவிடு. சீட்டுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று யாரும் இல்லை. சூடான கோப்பையும் தடிமனான கோப்பையும் இந்தப் பக்கமும் வரும், அந்தப் பக்கமும் வரும். நாம் நினைத்தே பார்க்காத வித்தியாசங்கள்கூட அப்படியே சிதறிவிடும். அது மட்டும் இல்லை, கோப்பைகளைக் குலுக்கிக் கலந்ததால்தான் '70-ல் 1' என்ற நம் கணக்கே செல்லும். நாமாகப் பார்த்து அடுக்கி வைத்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

மூன்றாம் யோசனை: மறைத்து வை

எந்தக் கோப்பை எது என்று அம்மையாருக்குத் தெரியக் கூடாது. அது உங்களுக்கே புரியும். கோப்பையைக் கொடுக்கிறவருக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று ஒரு குதிரை நமக்குச் சொல்லும்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. அதை வளர்த்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கணக்குக் கேட்டால் ஹான்ஸ் குளம்பால் தரையைத் தட்டிப் பதில் சொல்லும். ஐந்தும் மூன்றும் எத்தனை? எட்டுத் தட்டு தட்டி நிறுத்தும். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்து வியந்தார்கள்.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பொறுமையாகச் சோதித்து 1907-ல் உண்மையை எழுதினார். கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் விடை தெரியவில்லை. கேட்டவர் கண்ணில் படாமல் நின்றபோதும் தெரியவில்லை. கேள்வி கேட்கிறவர் குதிரையின் குளம்பைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் தாழ்த்துவார். சரியான எண் வந்ததும் அவரை அறியாமலே தலை துளி நிமிரும். அந்த அசைவைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது. வாத்தியார் யாரையும் ஏமாற்றவில்லை. தன் தலை அசைந்தது அவருக்கே தெரியாது.

குதிரைக்கே முகம் பார்த்து விடை தெரியும் என்றால், மனிதர்களுக்குத் தெரியாதா? அதனால்தான் நல்ல சோதனையில் விடை தெரிந்தவர்கள் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

நான்காம் யோசனை: முன்கூட்டியே முடிவு செய்

எத்தனை சரியாக இருந்தால் நம்புவோம் என்பதைத் தேநீர் ஊற்றுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். நான்கும் சரி என்றால்தான் ஏற்போம் என்று சொல்லிவிட்டு, மூன்று வந்ததும் "மூன்றும் போதுமே" என்று இறங்கக் கூடாது. முடிவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால், எந்தச் சோதனையும் நமக்குப் பிடித்த விடையைத்தான் தரும்.

அம்மையார் ஜெயித்தாரா என்று கேட்கிறீர்களா? ஃபிஷர் தன் புத்தகத்தில் அதை எழுதவே இல்லை. அவர் பெயரையும் எழுதவில்லை. எட்டையும் சரியாகச் சொன்னார் என்று பின்னாளில் ஒரு செய்தி சொல்லப்பட்டது. ஃபிஷருக்கு முக்கியமாகப் பட்டது, எப்படிக் கேட்டால் நேர்மையான விடை கிடைக்கும் என்பதுதான்.

இப்போது உங்கள் முறை

வாருங்கள், நாமே ஒரு சோதனையைத் திட்டமிடுவோம். அரிசிக்குள் புதைத்து வைத்தால் மாங்காய் சீக்கிரம் பழுக்கும் என்று வீட்டில் பாட்டி சொல்லியிருப்பார். உண்மையா?

ஒரு மாங்காயை அரிசியில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று உங்கள் தம்பி கேட்கலாம். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று பழமொழியையும் எடுத்து வீசலாம். பழமொழி சரிதான். ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில், கிளறி விட்டு வெந்த சோறு அது. எல்லாப் பருக்கையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. மாங்காய் அப்படியா? ஒரே கிளையில் காய்த்தாலும் ஒன்று முற்றியிருக்கும், ஒன்று இளசாக இருக்கும். நாம் அரிசியில் வைத்த ஒற்றை மாங்காய் தானாகவே நாளைக்குப் பழுக்க இருந்த காயாக இருந்தால்? பாவம், அரிசிக்குச் சும்மா பெயர் வந்துவிடும்.

அதனால் எட்டு மாங்காய் வேண்டும். ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்தவையாக, ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் 1 முதல் 8 வரை எண் எழுதுங்கள். எட்டுச் சீட்டிலும் அதே எண்களை எழுதிக் குலுக்கி நான்கை எடுங்கள். அந்த நான்கும் அரிசிப் பானைக்குள் போகட்டும், பானையை மூடிவிடுங்கள். மற்ற நான்கும் அதே அறையில் ஒரு கூடையில் திறந்தபடி இருக்கட்டும். நீங்களாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால், கொஞ்சம் மஞ்சளாக இருப்பதைக் கை தானாகவே அரிசிக்குள் போடும்!

பார்ப்பது எந்த நாள் என்று இப்போதே நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் நாள் மாலை என்று வைத்துக்கொள்வோம்.

அன்று மாலை எட்டையும் வெளியே எடுங்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம். அரிசியில் இருந்த காய்கள் மேல் வெள்ளைத் தவிடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தாலே எது எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். ஆகவே ஈரத்துணியால் எட்டையும் துடையுங்கள். கூடையில் இருந்ததையும்தான். பிறகு தட்டில் கலந்து வைத்து, எது எங்கே இருந்தது என்று தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ வரட்டும். "இந்த எட்டில் நன்றாகப் பழுத்த நான்கைப் பிரித்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் அமுக்கியும் முகர்ந்தும் பார்க்கும்போது நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஹான்ஸ் கதை நினைவிருக்கிறதல்லவா?

பிறகு அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். அவர்கள் பிரித்த நான்கும் அரிசியில் இருந்தவை என்றால், வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி நடக்க வாய்ப்பு எவ்வளவு? எட்டில் நான்கு. ஆமாம், அதே 70-ல் 1! தேநீருக்குப் போட்ட கணக்கு மாங்காய்க்கும் அப்படியே பொருந்துகிறது. மூன்று மட்டும் சரியாக வந்தால்? மூன்றோ அதற்கு மேலோ வர 70-ல் 17 வாய்ப்பு. அது போதாது. இன்னும் சில காய்களோடு மறுபடி செய்து பாருங்கள். பன்னிரண்டு காய்களை ஆறு ஆறாகப் பிரித்தால் 924 விதம் வரும்.

அரிசி ஜெயித்தால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும். பழுக்க வைத்தது அரிசியா, மூடிய பானையா? பழுக்கும் மாங்காய் எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடும். அந்த வாயு காயை இன்னும் வேகமாகப் பழுக்க வைக்கும். மூடிய இடத்தில் அது வெளியேறாமல் காயைச் சுற்றியே நிற்கும். அப்படியானால் அரிசியே இல்லாத மூடிய பானையிலும் சில காய்களை வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டை ஒப்பிடும்போது அவற்றுக்கிடையே ஒரே ஒரு விஷயம்தான் மாற வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

உயிர் காத்த குலுக்கல்

மாங்காய் விஷயம் தப்பாகிப் போனால் பெரிய நஷ்டம் இல்லை. மருந்து விஷயத்தில் தப்பு வந்தால்? அங்கேயும் இதே விதிகள்தான் காப்பாற்றுகின்றன.

காசநோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கிருமியால் வருவது. பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். இருமும்போது காற்றில் பரவும். ஒரு காலத்தில் அதற்கு மருந்தே இல்லை. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனில் அப்போது அந்த மருந்து கொஞ்சம்தான் கிடைத்தது, எல்லோருக்கும் தர முடியாது. அதனால் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு சோதனையைத் திட்டமிட்டார். 107 நோயாளிகள். மருந்தும் படுக்கை ஓய்வும் யாருக்கு, ஓய்வு மட்டும் யாருக்கு என்பதைக் குலுக்கல் எண்கள் முடிவு செய்தன. அந்த முடிவு ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்த மருத்துவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர். மருந்து வேலை செய்கிறது என்று 1948-ல் உலகத்துக்குத் தெரிந்தது.

அடுத்த பெரிய கேள்விக்கு விடை நம் சென்னையிலிருந்து போனது. காசநோயாளிகளை அப்போது சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடாதா?

1956-ல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் அந்த மையத்தின் சோதனையில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே இரண்டு மருந்துகள், ஓராண்டுக்கு. யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது.

டாக்டர்களே ஏன் முடிவு செய்யவில்லை? நீங்களே சொல்லிவிடுவீர்கள். நோய் முற்றியவர்களை அவர்கள் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அப்புறம் எப்படி இரண்டையும் ஒப்பிடுவது?

வீட்டில் இருந்தவர்களுக்குச் சானடோரியத்தில் கிடைத்த சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆனாலும் ஓராண்டு முடிவில், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கு. 92 பெரிது, 86 சிறிது என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான்கில் மூன்று கோப்பை சரியாக வந்த கணக்கு ஞாபகம் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் நூறு பேருக்கும் குறைவாக இருக்கும்போது, இவ்வளவு சின்ன வித்தியாசம் குலுக்கல் அதிர்ஷ்டத்தாலேயே வரக்கூடியது.

நோயாளிகளோடு வீட்டில் இருந்த குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. முதல் அறிக்கை 1959-ல் வெளிவந்தது. அதன் பிறகு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறையை உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்டன. எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளைப் பிரியாமல் குணமடைந்தார்கள். அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது.

நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்

இனி எந்தச் சோதனை செய்தாலும், தொடங்கும் முன் நான்கு வரி எழுதுங்கள். என் கேள்வி என்ன? எதை எதோடு ஒப்பிடப் போகிறேன்? எதைக் குலுக்கப் போகிறேன், யாரிடம் மறைக்கப் போகிறேன்? எவ்வளவு வந்தால் நம்புவேன்?

யாராவது "இந்தப் பவுடரைக் குடித்தால் ஞாபகசக்தி கூடும், நாங்கள் சோதித்துப் பார்த்தோம்" என்று விளம்பரத்தில் சொன்னால், அவர்களிடமும் இதே மாதிரிக் கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? பவுடர் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? குலுக்கல் நடந்ததா? யார் பவுடர் குடித்தவர் என்று மதிப்பெண் போட்டவருக்குத் தெரியுமா? அவர்களிடம் பதில் இல்லை என்றால் அதை நம்ப வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவு வரும் நாளும் உண்டு. அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். வந்ததை வந்தபடியே, அதே கையெழுத்தில், தேதி போட்டு எழுதுங்கள். அப்படி எழுதுகிற பிள்ளைதான் விஞ்ஞானி.